வேல்ஸ் கிராமத்தில் ஒரு ஜோன்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி?

என் கணவரின் அப்பா வழி முன்னோர்கள் வேல்ஸின் கார்டிகன்ஷயரில் ஆடு மாடு வைத்துப் பிழைத்தவர்கள். குடும்பப் பெயர் ஜோன்ஸ். அங்கே ஜோன்ஸைத் தேடுவது பழனியில் முருகனைத் தேடுவது மாதிரி. என் மாமனாரே "வீண் வேலை" என்று சிரித்தார். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து 1794 வரை போய்விட்டேன்.

முதலில் 1851

1837 ஜூலையில் பிறப்பு, இறப்பு, திருமணங்களின் அரசுப் பதிவு தொடங்கியது. அதுவரை பின்னோக்கிப் போகச் சான்றிதழ்களே போதும், அதை விளக்கப் போவதில்லை. அதற்கு முந்தைய காலத்துக்குச் சர்ச் பதிவேடுதான் கதி. எந்த ஊர்ச் சர்ச் என்பதை 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும். 1841-ஐ நம்பி இறங்காதீர்கள்: அதில் பிறந்த ஊர் இருக்காது, பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார்.

ஆள் பெயரோடு வீட்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கிராமப்புறத்தில் அது பண்ணையின் பெயராக இருக்கும். பின்னால் உயிரைக் காப்பாற்றப் போவது அதுதான்.

எந்த லான்விஹாங்கெல்?

எனக்குக் கிடைத்த ஊர் வெறும் 'லான்விஹாங்கெல்'. மிக்கேல் கோயில் என்று அர்த்தம். அந்த ஒரு மாவட்டத்திலேயே லான்விஹாங்கெல் அ கிரெய்தின், லான்விஹாங்கெல் இஸ்ட்ராட், லான்விஹாங்கெல் கெனையர் கிளின் என்று பல மிக்கேல்கள். இரண்டு வாரம் தப்பான மிக்கேலிடம் கிடந்தேன். அபெரிஸ்ட்வித்தில் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகம் 1840களை ஒட்டிய தசமபாக வரி (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குக் கொடுப்பது) வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பண்ணைப் பெயரைப் போட்டேன், சரியான ஊர் வந்தது.

என்னைக் கவிழ்த்த இடம்

ஊர் சரி, ஆண்டும் சரி. ஆனால் நான் தேடிய முன்னோரின் பெயரில், டேவிட் ஜோன்ஸ் என்று, ஒரு குழந்தைக்குக்கூட ஞானஸ்நானம் நடக்கவில்லை! மூன்று மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கடைசியில் இணையத் தேடலில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுத் தேடினேன். மங்கிய பழுப்பு மையில் ஒரே வரி: "டேவிட், ஜான் எவன் மகன், தானரால்ட்." தானரால்ட் பண்ணையின் பெயர். எவன் என்று கேட்காதீர்கள், எவன் என்பது ஜானுடைய அப்பாவின் பெயர். வேல்ஸ் கிராமங்களில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரைகூடப் பல இடங்களில் நிலையான குடும்பப் பெயர் கிடையாது. நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர்தான் பின்னால் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எவன் மகன் ஜான், ஜான் எவன். ஜான் மகன் டேவிட், டேவிட் ஜோன்ஸ். அதற்கும் முந்தைய ஏடுகளில் மகனுக்கு 'அப்', மகளுக்கு 'வெர்க்'. அப் ஹௌவெல்தான் பவல் ஆனது, அப் ரீஸ் பிரைஸ் ஆனது.

அதனால் பெயர், ஊர், முன்பின் மூன்று ஆண்டு, இவ்வளவு மட்டும் போட்டுத் தேடுங்கள். அட்டவணையோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பண்ணைப் பெயர் ஒத்துவருகிறதா பாருங்கள். எழுத்துக்கூட்டல் மாறும், தானரால்ட்டையே மூன்று விதமாகப் பார்த்துவிட்டேன். 1813-க்கு முன் பண்ணைப் பெயரை எழுதுவது பாதிரியாரின் மனநிலையைப் பொறுத்தது. அந்த ஆண்டு முதல் அச்சிட்ட படிவம், வசிப்பிடமும் அப்பாவின் தொழிலும் கட்டாயம்.

ஆள் கிடைத்ததும் குதிக்காமல் அடக்கப் பதிவேட்டையும் புரட்டுங்கள். அந்தக் குழந்தை இறந்து, அடுத்ததற்கும் அதே பெயர் வைத்திருக்கலாம். திருமணமான பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே அடக்கம் செய்து எழுதியதும் உண்டு.

பதிவேட்டில் பக்கம் கிழிந்திருந்தால், பாதிரியார் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகலைத் தேடுங்கள். அதுவும் அதே தேசிய நூலகத்தில்தான்.

தேடல் தளங்களில் என் ஓட்டு ஃபைண்ட்மைபாஸ்டுக்கு. காசுதான், ஆனால் பிரிட்டனில் பல பொது நூலகங்களில் இலவசமாகப் பார்க்கலாம். ஃபேமிலிசெர்ச் முழுக்க இலவசம். வம்சாவளி மென்பொருள் எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு நீளக் கோடுபோட்ட நோட்டு, பண்ணைக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான்.

பிறகு சேர்த்தது: "ஊரும் பண்ணையும் சரி, ஞானஸ்நானமே இல்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய ஆட்கள் பாப்டிஸ்டுகள். அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அவர்களுடைய சாப்பலின் (அரசுத் திருச்சபையில் சேராதவர்களின் வழிபாட்டு இடம்) பிறப்புப் பதிவேட்டைப் பாருங்கள். 1837-ஐ ஒட்டி அரசு திரட்டியவை லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன. ஆனால் கல்யாணத்துக்கு மட்டும் ஊர்ச் சர்ச்சுக்கே போங்கள். 1754 முதல் 1837 வரை குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர எல்லாரும் அங்கேதான் தாலி கட்டியாக வேண்டும், அதாவது மோதிரம்.