ஒரே வேலையிலிருந்து மூன்று இணைய வருமானம்: கொழும்பிலிருந்து தொடங்குபவர்களுக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்த இளம் ஆட்கள் பலர், இணையத்தில் உழைக்கலாம் என்று முடிவெடுத்த வாரமே ஃபைவரில் (சிறு வேலைகளை விற்கும் இணையத்தளம்) கணக்கு, யூடியூபில் சேனல், டராஸில் கடை என்று எல்லாவற்றையும் திறந்துவிட்டு, ஒன்றிலும் காசு வராமல் மனம் விட்டுப்போகிறார்கள். பார்க்கக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் குறை திறமையில் இல்லை. தனித்தனி வருமானங்களைத் தேடாதீர்கள். ஒரு வேலையைப் பிடித்து அதையே பல வழியில் விற்கப் பாருங்கள்.

முதல் படி: உடனே காசு தரும் சேவை ஒன்று

முதலாவது எப்போதும் சேவையாக இருக்கட்டும். யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டுக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் (ஷார்ட்ஸ் வழி என்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வைகள்). அதுவரை வீட்டு வாடகை காத்திருக்காது. லண்டன், டொரொன்டோவில் உள்ள நம்மவர் பிள்ளைகளுக்கு ஸூமில் தமிழ் படிப்பிப்பதை எடுத்துக்கொள்வோம். லண்டனில் சனி காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 3.30, டொரொன்டோவின் காலை 10 மணி நமக்கு இரவு 8.30, அங்கே கோடைகாலத்தில் இரண்டுமே ஒரு மணிநேரம் முந்தும். ஆக ஒரே சனிக்கிழமையில் ஒரே பாடத்தை, முட்டிக்கொள்ளாமல், இரண்டு நாட்டுக்கும் நடத்தலாம்.

இரண்டாவது படி: காசு வரும் வழி

பேபால் இங்கே நீண்டகாலமாகப் பணம் செலுத்த மட்டும்தான் உதவியது, பெறுவதற்கு அல்ல. அதனால் பேயோனியர் (வெளிநாட்டுக் காசைப் பெற்று உங்கள் வங்கிக்கு அனுப்பும் இணையச் சேவை) அல்லது நேரடி வங்கிப் பரிமாற்றம். ஃபைவர் 20 வீதம் எடுத்துக்கொள்ளும், 50 டொலர் வேலைக்கு உங்கள் கையில் 40. விலை போடும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

மூன்றாவது படி: எப்போது அடுத்தது?

எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான். புது மாணவரைத் தேடி அலையாமல் வகுப்பு தானாக ஓடுகிறதா, வாரத்தில் அதற்கு எத்தனை மணிநேரம் போகிறது என்று உங்களால் சட்டென்று சொல்ல முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் அடுத்ததைத் தொடுங்கள். அதுவும் வெளியிலிருந்து வரக்கூடாது. வகுப்புக்காக ஏற்கனவே செய்த பயிற்சித்தாள்களைத் திருத்தி, விடைகளும் சேர்த்து, பிடிஎஃப் தொகுப்பாக அதே பெற்றோரிடம் விற்றால் அது இரண்டாவது வருமானம். பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தடுமாறும் இடங்களை, அதாவது ல, ள, ழ உச்சரிப்பு மாதிரியானவற்றை, ஐந்து நிமிட வீடியோவாக்கினால் மூன்றாவது. வீடியோ பார்த்து வருகிற பெற்றோர் வகுப்பில் சேர்வார்கள், விளம்பரக் காசு வராவிட்டாலும் அது வீண் இல்லை.

புது யோசனை வந்தால் ஒரு கேள்வி போதும்: இந்த வாரம் நான் செய்து முடித்த வேலை இதற்குப் பாதியாவது உதவுமா? உதவாது என்றால் கொப்பியில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் பாருங்கள். ஆள் சேர்த்தால் காசு என்று சொல்லும் எதையும் எழுதிக்கூட வைக்காதீர்கள். பிரமிட் திட்டங்கள் இலங்கை வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்கீழ் குற்றம், ஆள் சேர்ப்பவரும் அதில் மாட்டுவார்.

நான்காவது படி: ஒரு தாள்

சரி, கடைசியாகக் கணக்கு. எந்த வழி, எத்தனை மணிநேரம், எவ்வளவு ரூபாய் என்று மாதாமாதம் எழுதுங்கள். மூன்று மாதம் போனதும் ஒரு மணிநேரத்துக்கு மிகக் குறைவாகத் தருவது எது என்று தெரிந்துவிடும். வீடியோவுக்கு மட்டும் கூடுதல் காலம் கொடுங்கள், மற்றதை நிறுத்தத் தயங்க வேண்டாம். வரிக்கும் இதே தாள்தான்: 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவருக்குச் சேவை செய்து அந்நிய நாணயத்தில் வங்கி வழியாகப் பெறும் வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம், ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் உண்டு, அதாவது அதுவரை வரி இல்லை. அந்த அளவுக்கு வருமானம் இன்னும் வராவிட்டாலும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி அடையாள இலக்கத்தை இப்போதே எடுத்துவிடுங்கள்.