இரவு வேலை முடிந்து டியூக் ஆட்டம் பார்ப்பது எப்படி

நான் சிங்கப்பூரில் ஜூரோங் தீவில் இரவு வேலை பார்ப்பவன். காலை ஏழுக்கு வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து தே-ஓ (பால் இல்லாத தேநீர்) கலக்கி உட்காரும்போது மணி எட்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது முந்தின நாள் இரவு ஏழு. கல்லூரிக் கூடைப்பந்து தொடங்கும் நேரம். 2014 கடைசியிலிருந்து டியூக் பல்கலைக்கழக அணியை இப்படித்தான் பார்த்து வருகிறேன். "மாமா, எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்று தங்கை மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதுதான் இது.

ஒரே ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பிரிவில் மட்டும் 350-க்கு மேல் அணிகள் உண்டு. எல்லாவற்றையும் பார்க்கப் போனால் எந்தப் பையனையும் அறிய முடியாது. நவம்பரிலேயே தொடங்குங்கள். 68 அணிகள் மோதும் மார்ச் போட்டிக்கு மட்டும் வந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அப்புறம், மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். எட்டு மணி ஆட்டம் நமக்கு ஏழாகிவிடும். அந்த வாரங்களில் நான் பேருந்திலேயே கைப்பேசியில் பார்க்கிறேன்.

ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை புள்ளி எடுத்தான் என்பதை விட ஃபிரீ த்ரோவை, அதாவது எதிரணி தவறு செய்யும்போது யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பை, எழுதுங்கள். கல்லூரியில் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில், என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் 7.24 மீட்டரில். கல்லூரியில் பந்தை எறிய 30 விநாடி, அங்கே 24. ஆட்டமும் 40 நிமிடத்திலிருந்து 48 ஆகிறது. ஆனால் ஃபிரீ த்ரோ கோடு மாறுவதில்லை, அதே 4.57 மீட்டர். அந்தக் கோட்டில் தடுமாறாத கை தூரத்திலிருந்தும் பெரும்பாலும் தேறிவிடும் என்பது என் கணிப்பு. ஜே. ஜே. ரெடிக் டியூக்கில் நான்கு ஆண்டு ஆடியபோது நூற்றுக்கு 91 ஃபிரீ த்ரோ போட்டார். பிறகு என்பிஏ-வில் 15 பருவங்கள் நின்றார்.

யார் எப்போது என்பிஏ-வுக்குப் போவார் என்று கணிக்க விதி தெரிய வேண்டும். என்பிஏ அணிகள் புது வீரர்களை முறை வைத்து எடுக்கும் தேர்வு (டிராஃப்ட்) நடக்கும் ஆண்டில் அமெரிக்கப் பையனுக்கு 19 வயது நிறைய வேண்டும். பள்ளி முடித்தும் ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். அதனால் ஓராண்டிலேயே கிளம்புவோர் அதிகம். கைரி எர்விங் டியூக்கில் ஆடியது 11 ஆட்டங்கள்தான்; 2011-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். 2025-இல் கூப்பர் ஃபிளாக்கும் அப்படியே ஓராண்டில் முதலிடம். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனதால், வீட்டுக் கஷ்டத்துக்காக அவசரப்பட வேண்டியதில்லை என்று சிலர் தங்குகிறார்கள். எனக்கு இது பெரிய நிம்மதி.

தேர்வு நாள் ஜூனில், நமக்குக் காலை எட்டு மணி. 2024-இலிருந்து இரண்டாம் சுற்று மறுநாள் நடக்கிறது. "இவன எத்தனாவதா எடுப்பாங்க?" என்றுதான் மருமகன் கேட்பான். ஐந்தா ஆறா என்பது பெரிதில்லை. 30-ஆ 31-ஆ என்று பாருங்கள். 30 பேரோடு முடியும் முதல் சுற்றில் வந்தவனுக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது.

நான் பார்த்த முதல் பருவத்தில் டியூக் கோப்பை வென்றது. முதலாண்டு மாணவர்கள் மூவரை 2015-இல் முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். நான்கு ஆண்டு ஆடி, அணித்தலைவராகவும் இருந்த குவின் குக்கின் பெயரை யாரும் அழைக்கவில்லை. அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர் என்பிஏ-வுக்குக் கீழுள்ள சிறிய லீக்கில் (இப்போது ஜி லீக்) ஆடிக்கொண்டே இருந்தார். 2018-இல் கோல்டன் ஸ்டேட் அணியோடும் 2020-இல் லேக்கர்ஸோடும் என்பிஏ பட்டம் வென்றார். அதனால் நோட்டின் கடைசிப் பக்கங்களை அழைக்கப்படாத பெயர்களுக்கு ஒதுக்குங்கள். நவம்பரில் ஜி லீக் ஆட்டங்கள் தொடங்கும்போது அந்தப் பெயர்கள் எந்த அணியில் இருக்கின்றன என்று தேடுங்கள்.