பிஸ்கட் அடுக்கு நமத்துப்போகாமல் இருக்க

சாக்லேட் புட்டிங்கை அடுக்கடுக்காகச் செய்யும்போது, வெண்ணெய் கலந்து அழுத்திய பிஸ்கட் தூளின் மேல் நேராக கிரீமை ஊற்றாதீர்கள். முதலில் உருக்கிய சாக்லேட்டை மெல்லிசாகப் பூசிவிடுங்கள். 20 செ.மீ. சதுரத் தட்டுக்கு 60 கிராம் சாக்லேட்டும் ஒரு டீஸ்பூன் வாசனையில்லாத எண்ணெயும் போதும். ஃபிரிட்ஜில் பத்து நிமிடம் வைத்து, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அடுத்த அடுக்கை ஊற்றலாம்.

கிரீமிலிருந்து இறங்கும் ஈரத்தை சாக்லேட்டின் கொழுப்பு தடுத்துவிடும். அதனால் விருந்துக்கு முதல் நாள் இரவே செய்து வைத்தாலும் பிஸ்கட் மொறுமொறுப்பு பெரிதாகக் குறையாது. எண்ணெயை விட்டுவிட்டால் பூச்சு ஓடு மாதிரி இறுகும். கத்தி வைத்ததும் அது உடைந்து, மேலே உள்ள கிரீம் பக்கவாட்டில் பிதுங்கும். மேலே ஊற்றும் புட்டிங் நன்றாக ஆறியிருப்பது முக்கியம், ஏனென்றால் உடல் சூட்டுக்கே சாக்லேட் இளகிவிடும்.

டிராமிசு போல பிஸ்கட் ஊறினால்தான் ருசி என்கிற வகைக்கு இது வேண்டாம். செய்த ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறுவதாக இருந்தாலும் இந்த வேலை வீண்.