பழைய கவச வாகனத்தை வீட்டில் மீட்டெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவம் கழித்துவிட்ட கவச வாகனம் ஒன்றை வாங்கி வீட்டு வளாகத்தில் நிறுத்துபவர், அதைப் பெரிய அளவிலான ஒரு பழைய கார் என்றே முதலில் எண்ணுகிறார். பின்னால் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன. கவச வாகனத்தை வடிவமைத்தவர்கள் மனத்தில் இருந்தது, கிரேனும் பயிற்சி பெற்ற ஆட்களும் குறைவில்லாத உதிரிப் பாகங்களும் கொண்ட படைப் பட்டறை. நாமோ விடுமுறை நாள்களில், பெரும்பாலும் தனியாக, கையில் உள்ள ஸ்பேனரோடு அதன் அடியில் படுக்கிறோம்.

முதல் தவறு இடத்தைப் பற்றியது. பிரிட்டனில் 1952 முதல் 1971 வரை தயாரான ஃபெரட், கவச வாகனங்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. அதுவே ஏறத்தாழ 4 டன் எடை கொண்டது. அமெரிக்காவின் எம்113 10 டன்னைத் தாண்டும். பிரிட்டனின் எஃப்வி432 15 டன் வரும். கொட்டகைக்குள் வாகனம் நுழைந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள், எஞ்சினையோ சுழல் கோபுரத்தையோ மேல்நோக்கித் தூக்க வேண்டிய நாள் வரும்போதுதான் கூரையின் உயரத்தைக் கவனிக்கிறார்கள். மண் தரையில் ஜாக்கி வைத்தால், ஏறுவது வாகனமல்ல, இறங்குவது ஜாக்கிதான். கனத்தைத் தாங்கும் தளமும், எடைக்கேற்ற தாங்கிகளும் இல்லாமல் ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை நீட்டுவது எந்தச் சூழலிலும் கூடாது.

கழற்றும் ஆவல் எழுவது இயல்பு. ஆனால் முதல் சில நாள்கள் தேடுவதற்கே உரியவை. இருக்கைகளின் அடியிலும் பெட்டிகளின் இடுக்குகளிலும் தோட்டாவோ வெடிபொருளோ கிடந்தால் அதைத் தொடாமல் விலகி, காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். இருட்டில் ஒளிர்வதற்காகப் பழைய அளவுமானிகளில் ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிரவில்லை என்பதால் அது தீர்ந்துவிட்டதாகக் கருதுவது பெரும் பிழை. ஒளிரும் பொருள்தான் நைந்துபோயிருக்கிறது. ரேடியத்தின் அரையாயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அந்த மானியின் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் துடைப்பவர், கதிரியக்கத் தூளைத் தம் மேசையிலும் மூச்சிலும் பரப்பிக்கொள்கிறார். பிரேக் பட்டைகள், கிளட்ச் தகடு, புகைக்குழாயைச் சுற்றிய உறை, கேஸ்கட்டுகள் ஆகியவற்றில் கல்நார் இருக்கக்கூடும் என்று கொண்டே வேலை செய்ய வேண்டும். காற்றழுத்தத்தால் பிரேக் டிரம்மை ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். பழைய தீயணைப்பான்களில் மெத்தில் புரோமைடு, கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நச்சுப் பொருள்கள் இருந்ததுண்டு. அவற்றை இயக்கிச் சோதித்துப் பார்ப்பது வேண்டாம்.

கையேடு இல்லாமல் தொடங்குவது அடுத்த தவறு. அமெரிக்க ராணுவக் கையேடுகளின் எண், 10 என்று முடிந்தால் ஓட்டுநருக்கானது, 20 என்று முடிந்தால் படைப்பிரிவுப் பராமரிப்புக்கானது. பின்னால் 'பி' என்ற எழுத்து சேர்ந்தால் அது உதிரிப் பாகப் பட்டியல். இந்தப் பட்டியலைத்தான் நான் முதலில் தேடச் சொல்வேன். அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் நேட்டோ இருப்பு எண் என்னும் 13 இலக்க எண் இருக்கும். முதல் 4 இலக்கங்கள் பொருளின் வகையைக் காட்டும். அடுத்த 2 இலக்கங்கள் எண்ணை வழங்கிய நாட்டைக் காட்டும். பிரிட்டனுக்கு 99, ஜெர்மனிக்கு 12, அமெரிக்காவுக்கு 00 அல்லது 01. ஒரு பாகத்தின் வகை எண் 3110 என்றால் அது பேரிங். அதன் தயாரிப்பாளர் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், ராணுவப் பாகம் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் அதே பேரிங் சாதாரணத் தொழிற்சாலைகளிலும் பயன்படுவது பல நேரங்களில் தெரியவரும்.

சக்கரத்தில் உறங்கும் ஆபத்து

உயிரைப் பறிக்கக்கூடிய தவறு எது என்று கேட்டால், இரு பாதிகளாகப் பிரியும் ரிம்மையே முதலில் சொல்வேன். இவ்வகைச் சக்கரத்தில் இரண்டு வட்டங்களாக நட்டுகள் இருக்கும். ஒரு வட்டம் சக்கரத்தை வாகனத்தோடு பிணைக்கிறது. மற்றொன்று ரிம்மின் இரு பாதிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாம் வட்டத்தைக் கழற்றினால், பாதி ரிம் பீரங்கிக் குண்டுபோலப் பாயும். பிரிட்டிஷ் வாகனங்களில் இந்த நட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசும் வழக்கம் உண்டு. ஆனால் பல முறை மேல்பூச்சு கண்ட வாகனத்தில் அந்தச் சிவப்பு பச்சைக்கு அடியில் மறைந்திருக்கும். ஆகவே நிறத்தை நம்பாமல், வால்வின் உள்முள்ளையே கழற்றி எடுத்து, காற்று முழுதும் வெளியேறியதைக் கம்பி நுழைத்து உறுதிசெய்த பிறகே எந்த நட்டையும் தொட வேண்டும். திரும்பக் காற்றடிக்கும்போது சக்கரம் இரும்புக் கூண்டுக்குள் இருக்க வேண்டும்.

சங்கிலிப் பட்டை வாகனங்களில் இதே அடங்கிய விசை, முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்னும் எஃகுத் தண்டில் இருக்கிறது. அந்தத் தண்டின் மேல் ஆழமான ஒரு கீறல் விழுந்தாலே அது பின்னால் முறிவதற்கு வழியாகும். இடப்பக்கத் தண்டை வலப்பக்கம் மாற்றிப் பொருத்தவும் கூடாது, ஏனெனில் அவை ஒரு திசையில் முறுக்கிப் பதப்படுத்தப்பட்டவை.

உறங்கிக் கிடந்த எஞ்சின்

ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினை பேட்டரி இணைத்தவுடன் சுழற்றிப் பார்ப்பது, பொறுமையின்மையால் நேரும் தவறு. ஃபெரட்டில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் பி60 போன்ற பெட்ரோல் எஞ்சினானால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய ஆயிலை ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, பிறகு கையால் திருப்ப வேண்டும். தடையின்றித் திரும்பினால், பிளக்குகள் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுழற்றி ஆயில் அழுத்தம் ஏறுவதைப் பார்த்த பின்னரே எரிபொருள். பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலோ பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்ப்பின் சவ்வையும் அரித்துவிடும். மூடிய எஞ்சின் அறைக்குள் ஒரு துளி கசிவும் ஒரு பொறியும் சேர்ந்தால் விளைவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் எஞ்சினில் எரிபொருள் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டால் சாவியைத் திருப்பினாலும் அது நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்று நுழையும் வாயை அடைக்க ஒரு தடித்த பலகையும், அதைப் பிடித்துத் தயாராக நிற்கும் ஓர் ஆளும் முதல் முயற்சியின்போது அவசியம்.

கார் அனுபவம் உதவாத இடம்

நான்கு சக்கரத்துக்கும் விசை செல்லும் சாதாரண வாகனத்தில், ஒவ்வோர் அச்சிலும், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு உண்டு. ஃபெரட்டில் நடுவில் ஒன்று மட்டுமே உண்டு. அது இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் பிரித்துவிடுகிறதே தவிர, ஒரே பக்கத்தின் முன்சக்கரமும் பின்சக்கரமும் தண்டுகளாலும் பற்சக்கரங்களாலும் பூட்டப்பட்டு ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கி இந்தக் கட்டுப்பாட்டைத் தணித்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. திருப்பத்தில் முன்சக்கரம் கடக்கும் தூரம் கூடுதல்; தேய்ந்த டயர் ஒன்றும் புதிய டயர் ஒன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் நேர்ச்சாலையிலும் வேறுபாடு சேர்ந்துகொண்டே போகும். அந்த வேறுபாடு முழுவதும் தண்டுகளில் முறுக்காகத் தேங்கி, வாகனம் பிரேக் பிடித்ததுபோல் கனத்து, கடைசியில் பற்சக்கரம் உடைகிறது. ஆறு சக்கரங்கள் கொண்ட சாரசன், சலாடின் என்னும் பிரிட்டிஷ் கவச வாகனங்களில் ஒரு பக்கத்துக்கு மூன்று சக்கரங்கள் இப்படிப் பூட்டப்பட்டிருப்பதால் தொல்லை இன்னும் அதிகம்.

எனவே, கிடைத்த டயரை மாட்டிக்கொண்டு ஊர்வலத்துக்குக் கிளம்புவது, விலைமதிப்பற்ற பற்சக்கரப் பெட்டியைப் பணயம் வைப்பதாகும். டயர்களின் சுற்றளவை நாடாவால் அளந்து ஒத்தவற்றையே போட வேண்டும். சாலைப் பயணத்தின் இடையிடையே கரடுமுரடான தரையில் சிறிது ஓட்ட வேண்டும். முறுக்கு சேர்ந்த நிலையில் தண்டின் போல்ட்டைக் கழற்றுவது கூடாது. சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி முறுக்கை விடுவிக்கலாம். ஆனால் தரையை விட்டு எழும் கணத்தில் அந்தச் சக்கரம் திடீரெனச் சுழலக்கூடும் என்பதால், எதிரில் ஒருவரும் நிற்கக் கூடாது.

பிரேக் ஆயிலைப் பற்றியும் ஒரு சொல். சில ராணுவ வாகனங்களின் ஹைட்ராலிக் அமைப்பு கனிம எண்ணெயில் இயங்குவது. அதில் கடையில் கிடைக்கும் பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக் முழுவதையும் மீண்டும் பிரிக்க வேண்டிவரும்.

கவசத் தகட்டைச் சாதாரண இரும்பாகக் கருதி வெல்டிங் செய்வது வழக்கமாக நேரும் இன்னொரு பிழை. கடினப்படுத்தப்பட்ட எஃகை முன்கூட்டிச் சூடேற்றாமல், ஹைட்ரஜன் குறைந்த மின்முனை இல்லாமல் பற்றவைத்தால், பற்றின் ஓரத்தில் விரிசல் விழும். எம்113-இன் உடலோ அலுமினியக் கலவை; அதில் இரும்பு போல்ட்டுகளை நேரடியாக முடுக்கினால் ஈரம் பட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். காலியான பெட்ரோல் டேங்க்கில் வெல்டிங் பொறி படுவது வெடிப்புக்கு நிகர். அதைத் தொழில்முறைப் பட்டறைக்கு அனுப்புவதே சரி. வெளியில் நிறுத்தும் வாகனத்தின் அடித்தட்டிலுள்ள வடிகால் அடைப்பான்களைத் திறந்து வைக்க மறந்தால், ஒரே மழைக்காலத்தில் உட்புறம் குளமாகும்.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய பூச்சில் ஈயமும் குரோமேட்டும் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்க்காமல், ஈரமாகத் தேய்த்து, தகுந்த முகக்கவசம் அணிய வேண்டும். மொத்தமாகச் சுரண்டி எடுப்பதற்கு முன், பதிவெண் இருந்திருக்கக்கூடிய முன்பின் தகடுகளில் அடுக்கடுக்காக மெல்லத் தேய்த்துப் பாருங்கள். படைப்பிரிவின் சின்னமோ பழைய எண்ணோ தெரிந்தால், உடனே அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மணலூதி அழித்துவிட்டால், அந்த வாகனம் எங்கே, யாரிடம் இருந்தது என்பதற்கான சான்று திரும்பக் கிடைக்காது.