பெட்டரி அறிக்கையை மீட்டரோடு வைத்துப் படியுங்கள்: மலையகத்துக்குக் குடிவருவோருக்கு

தமிழ்நாட்டிலிருந்தோ லண்டன், டொரொன்டோ, சிட்னியிலிருந்தோ வந்து ஹட்டனில், பண்டாரவளையில், நுவரெலியாவில் வீடு எடுக்கிறீர்களா? அந்த வீட்டுக் கூரையில் சோலார் தகடும் சுவரில் பெட்டரியும் ஏற்கெனவே இருந்தால், சாவியோடு இன்னொரு பொறுப்பும் உங்கள் கைக்கு வருகிறது. பகலில் சேமித்ததை மாலை உச்ச நேரத்தில் பொது மின் லைனுக்கு அனுப்பும் ஒப்பந்தம் வீட்டுக்கு இருக்கலாம். இருந்தால், பெட்டரியை மேற்பார்க்கும் கம்பனி மாதம் ஒரு செயல்திறன் அறிக்கை அனுப்பும். அதைப் படிக்கத் தெரியாமல் மாதக்கணக்கில் காசை இழக்கும் வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் பெயர் விவகாரம். மின்கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் போகும். ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் (சோலார், பெட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) செயலியின் உரிமையாளர் கணக்கையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய வீட்டுக்காரரின் போனில் அது இருக்கும்வரை, அவர் அறியாமல் ஒரு பொத்தானைத் தொட்டாலும் உங்கள் பெட்டரியின் நேர ஒழுங்கு மாறிவிடும். ஒப்பந்த வகையையும் பாருங்கள். நெட் மீட்டரிங் என்றால் பணம் கிடையாது, அனுப்பிய யூனிட் அடுத்த மாதத்துக்கு வரவாக நிற்கும். நெட் அக்கவுண்டிங் என்றால் செலவு போக மிஞ்சியதற்குப் பணம். நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுதும் தனி மீட்டர் வழியாக லைனுக்குப் போகும். வீட்டுப் பாவனைக்குத் தனி பில் வரும். கீழே உள்ள கணக்கு, பெட்டரி முதலில் வீட்டுக்கும் பிறகு லைனுக்கும் கொடுக்கும் அமைப்புக்கானது.

240 எங்கே, 132 எங்கே?

முதல் மாதத்தில் பலரும் திகைப்பது இங்கேதான். அறிக்கையில் ‘டிஸ்சார்ஜ் 240 யூனிட்’, அதாவது பெட்டரி வெளியே கொடுத்தது 240, என்று இருக்கும். வாசல் மீட்டரின் ஏற்றுமதிக் கணக்கோ 132 என்று சொல்லும். யாரோ நடுவில் எடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். மலையில் எடை போட்ட தேயிலைக் கொழுந்தும் பெக்டரித் தராசில் விழுந்த கொழுந்தும் ஒரே எடை காட்டாது என்பது இந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். எங்கே எடை போட்டார்கள் என்பதுதான் கேள்வி. மின்சாரத்துக்கும் அதே கேள்விதான்.

ஓர் எடுத்துக்காட்டு வீட்டை வைத்துக் கணக்குப் போடுவோம். பெட்டரி 10 யூனிட் கொள்ளும். கரண்ட் போனால் வீட்டுக்கென்று 20 சதவீதம் ஒதுக்கம். ஆகவே தினம் பாவிக்கக்கூடியது 8 யூனிட், 30 நாளுக்கு 240. இந்த எண் பெட்டரியின் வாயிலேயே, டி.சி. (நேர் மின்னோட்டம்) பக்கத்தில் அளந்தது. இன்வெர்ட்டர் அதை வீட்டுக்குரிய ஏ.சி. (மாறு மின்னோட்டம்) ஆக மாற்றும்போது சுமார் 5 சதவீதம் சூடாகப் போய்விடும். 228 மிஞ்சும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் வீட்டு விளக்கு, ரைஸ் குக்கர், டிவி எல்லாம் சேர்ந்து சராசரி 0.8 கிலோவாட் இழுத்தால் ஒரு நாளுக்கு 3.2 யூனிட், மாதத்துக்கு 96. 228இல் 96 போக 132. மீட்டர் சொன்னது அதைத்தான்.

ஆக 108 யூனிட் வித்தியாசத்தில் உண்மையான இழப்பு 12 மட்டும். 96 உங்கள் வீட்டுக்கே உதவியது. இந்தக் கழித்தலை ஒவ்வொரு மாதமும் போட்டுப் பாருங்கள். போட்ட பிறகும் 10 யூனிட்டுக்கு மேல் துண்டு விழுந்தால் அப்போது தேடத் தொடங்கலாம்.

அறிக்கை காட்டாத செலவு ஒன்றும் உண்டு. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே கரண்ட் வேண்டும். 60 வாட் என்று வைத்தால் நாளுக்கு 1.44 யூனிட், மாதத்துக்கு 43. உங்கள் மாதிரிக்கு எத்தனை வாட் என்பது அதன் தரவுத்தாளில் ‘ஸ்டாண்ட்பை’ அல்லது ‘செல்ஃப் கன்சம்ஷன்’ என்ற வரியில் இருக்கும்.

மீட்டரை நீங்களே வாசியுங்கள்

இருவழி மீட்டரில் திரை தானாகவே மாறி மாறி ஓடும். 1.8.0 என்ற குறியீட்டோடு வருவது லைனிலிருந்து நீங்கள் எடுத்த மொத்தம். 2.8.0 நீங்கள் கொடுத்த மொத்தம். 2.8.1, 2.8.2, 2.8.3 என்று வருபவை அதை நேரவாரியாகப் பிரித்தவை. எந்த எண் உச்ச நேரத்துக்கு என்பதை மீட்டர் வாசிக்க வருபவரிடம் கேட்டுப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சிங்களத்தில் வரும் தாள்களில் ‘ஆனயன’ என்றால் இறக்குமதி, ‘அபனயன’ என்றால் ஏற்றுமதி, ‘ஏகக’ என்றால் யூனிட். இந்த மூன்று சொல் போதும்.

அறிக்கை 1ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை. மீட்டர் வாசிப்பு அப்படியல்ல. 11ஆம் தேதிக்கும் வரலாம், 17க்கும் வரலாம். மழை நாட்களில் தள்ளியும் போகும். 28 நாள் பில்லையும் 31 நாள் அறிக்கையையும் ஒப்பிட்டுச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. மீட்டர் வாசிக்கும் நாளில் திரையை வரிசையாகப் படம் எடுங்கள். பிறகு செயலியில் அதே இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட தினக் கணக்கைக் கூட்டுங்கள்.

மணி சரியா?

அறிக்கையில் நாம் முதலில் பார்க்கச் சொல்வது யூனிட்டை அல்ல, மணியை. இங்கே பொருத்தப்படும் இன்வெர்ட்டர்களில் பல சீனாவில் செய்தவை. அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. பொருத்தியவர் மணியை மாற்ற மறந்தால் பெட்டரி தன் கணக்கில் மாலை 6.30க்கு வேலையைத் தொடங்கும், நம் கணக்கில் அப்போது பின்னேரம் 4 மணி. இரவு 8 மணிக்கு எல்லாம் முடிந்திருக்கும். நான்கு மணித்தியால வேலையில் இரண்டரை மணித்தியாலம் உச்ச நேரத்துக்கு வெளியே. அறிக்கை ‘டிஸ்சார்ஜ் முழுமை’ என்று பச்சை நிறத்தில் காட்டும். காசு மட்டும் குறைந்து வரும்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வெயில் நாள் ஒன்றின் உற்பத்தி வளைவைத் திறவுங்கள். மலையகத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஆண்டு முழுதும் 11.50க்கும் 12.25க்கும் இடையில். மலை நிழலும் மரமும் இல்லாத, தெற்கு நோக்கிய கூரை என்றால் வளைவின் உச்சியும் அங்கேயே நிற்க வேண்டும். பிற்பகல் இரண்டரை தாண்டி நின்றால் சீன மணி ஓடுகிறது. காலை 6.45 அளவில் நின்றால் அறிக்கை கிரீன்விச் நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பெட்டரி சரியாக வேலை செய்திருக்கலாம். தாளில் மட்டும் உச்ச நேரம் 13.00 முதல் 17.00 வரை என்று தெரியும்.

சதவீதத்தின் கீழே இருப்பது

‘இம்மாதச் செயல்திறன் 95 சதவீதம்’ என்றால் எதில் 95 என்று கேட்க வேண்டும். மேலே பார்த்த வீட்டில் மாத எதிர்பார்ப்பு 132 யூனிட், நாளுக்கு 4.4. ஒரு மாதம் 6 நாள் லைன் இல்லை அல்லது இணையம் இல்லை, அனுப்பியது 100 யூனிட் என்று வையுங்கள். 132இல் 100 என்றால் 76 சதவீதம். அந்த 6 நாளைக் கணக்கிலேயே சேர்க்காமல் 24 நாளின் 105.6 யூனிட்டில் 100 என்றால் 95 சதவீதம். இரண்டுமே பொய்யில்லை. கம்பனியின் வேலையை மதிப்பிட 95 உதவும். உங்கள் வீட்டு வரவை மதிப்பிட 76தான் எண். ‘அவைலபிலிட்டி’ (அமைப்பு வேலைக்குத் தயாராக இருந்த நேரம்) என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதில்தான் அந்த 6 நாள் ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

கலிபோர்னியா போன்ற இடங்களிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சொல். அங்குள்ள சில திட்டங்களில் முந்திய 10 நாள் சராசரிப் பாவனையை ஒப்பீட்டு அளவாக (‘பேஸ்லைன்’) வைத்து, அதைவிட எவ்வளவு குறைத்தீர்கள் என்று பார்த்துப் பணம் தருவார்கள். கம்பனி அழைக்கும் நாட்களில்தான் பெட்டரி இறங்கும். இங்கே மீட்டர் வழியாக லைனுக்குப் போன யூனிட்டே கணக்கு. அந்தப் பழக்கத்தில் ‘பேஸ்லைன்’ வரியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மழை, மூடுபனி, குளிர்

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளை வறண்டு கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் பதுளைப் பக்கம் மழை. ஆகவே ஹட்டனில் உங்கள் ஜூலை அறிக்கையைப் பண்டாரவளை உறவினரின் ஜூலை அறிக்கையோடு ஒப்பிட்டு மனம் சோராதீர்கள். உங்கள் கூரையின் கடந்த ஆண்டு ஜூலையோடு ஒப்பிடுங்கள். பழைய வீட்டுக்காரரிடம் 12 மாத அறிக்கையையும் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் காலை வெளித்து, பிற்பகல் இடியோடு மழை வரும். அந்த மாதங்களில் பெட்டரிக்கு முதலிடம் காலையிலேயே கொடுக்க வேண்டும். ‘காலையில் லைனுக்கு, பிற்பகலில் பெட்டரிக்கு’ என்று ஒழுங்கு செய்திருந்தால் மாலையில் பெட்டரி பாதிதான் நிறைந்திருக்கும்.

மழை மாதங்களில் இன்னொரு வியாதி. லித்தியம் அயன் பொஸ்பேட் பெட்டரியின் வோல்ட் ஏறக்குறைய நேர்கோடாக ஓடும். எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை வோல்ட்டை வைத்து அறிய முடியாது. உள்ளே இருக்கும் பீ.எம்.எஸ். (பெட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்று) போன கரண்டையும் வந்த கரண்டையும் கூட்டிக் கழித்து ஊகிக்கிறது. 100 சதவீதம் தொடும்போதுதான் அந்த ஊகம் திருத்தப்படும். வாரக்கணக்கில் மழை பெய்து பெட்டரி நிறையாமலே இருந்தால் ஊகம் பிசகிவிடும். அறிக்கையில் 30 சதவீதம் என்று ஓடிக்கொண்டிருந்த கோடு சட்டென 5க்கு விழுந்து அணையும். பெட்டரி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரவு 10.30க்குப் பின் லைனிலிருந்து ஏற்றி 100ஐத் தொடவைத்து ஒரு மணித்தியாலம் விடுங்கள். லைனிலிருந்து ஏற்றியதைத் திருப்பி விற்க ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தராவிட்டால் மறுநாள் மாலை ஏற்றுமதியை நிறுத்தி, அதை வீட்டுக்கே பாவியுங்கள்.

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி விழும். இந்த வகைப் பெட்டரியை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. பல பீ.எம்.எஸ்.கள் அதற்கு முன்பே கரண்டைக் குறைக்கத் தொடங்கும். வெளிச் சுவரில், காற்றுப்படும் இடத்தில் பெட்டரி தொங்கினால் காலை 9 மணிவரை சார்ஜ் கோடு தவழும். உள்ளறைக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை.

ஒதுக்கத்தைப் பற்றி எங்கள் கருத்து: கரண்ட் போனால் வீட்டுக்கென்று வைப்பது பருவமழையில் 20 சதவீதம் போதாது, 40 வையுங்கள். மரம் விழுந்து லைன் அறுந்தால் மலையில் திருத்த நேரம் எடுக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை எப்படி இருட்டில் வைத்தது என்பதை அயலவரிடம் கேளுங்கள். வருமானம் சிறிது குறையட்டும்.

பூச்சியம் காட்டும் நாட்கள்

நல்ல வெயிலிலும் நடுப்பகலில் உற்பத்தி வெட்டிவிட்டதுபோல் நின்றால் செயலியில் நிகழ்வுப் பதிவைத் திறவுங்கள். ‘கிரிட் ஓவர்வோல்டேஜ்’ என்றிருந்தால் தெருவில் எல்லாரும் சோலார் அனுப்புகிறார்கள், இழுப்பவர் இல்லை, லைனின் கடைசி வீட்டில் வோல்ட் ஏறிவிட்டது. இலங்கையில் 230 வோல்ட்டுக்கு 6 சதவீதம் கூடக் குறைய, அதாவது 216 முதல் 244 வரை அனுமதி. மூன்று நாளைக்கு மணிவாரியாக வோல்ட்டைக் குறித்து, அப்பகுதி மின் அத்தியட்சகர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். சில நாட்களில் லைனை நடத்துபவர்களே நிறுத்தச் சொல்வார்கள். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுதும் கரண்ட் போன பிறகு, அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தும்படி கேட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களைக் குறித்து வைத்தால் ஆண்டுக் கணக்கில் குழம்ப மாட்டீர்கள்.

இறக்குமதியும் ஏற்றுமதியும் தலைகீழாக வந்தால் மெயின் வயரைச் சுற்றியிருக்கும் சி.டி. கிளாம்ப் (கரண்டை அளக்கும் வளையம்) திரும்பிக் கிடக்கிறது. பெட்டரியை நிறுத்திவிட்டு, இரவில் 2 கிலோவாட் கேத்தலைப் போடுங்கள். செயலியில் இறக்குமதி 2 ஏற வேண்டும். ஏற்றுமதி ஏறினால் பொருத்தியவரை அழையுங்கள், மெயின் பெட்டியை நீங்களே திறக்காதீர்கள்.

மீட்டர் சந்தேகம், பில் பிழை என்றால் 1987 என்ற எண்ணுக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அலுவலகத்துக்குப் போகும்போது மூன்றை மட்டும் எடுத்துப் போனால் போதும்: இரண்டு வாசிப்பு நாட்களின் மீட்டர் படங்கள், அந்த நாட்களுக்கு இடைப்பட்ட தினக் கணக்கு, மேலே காட்டிய கழித்தல் ஒரு தாளில். அங்கும் தீராவிட்டால் அதே மூன்றையும் முறைப்பாட்டு இலக்கத்தோடு இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பலாம். தமிழிலேயே எழுதுங்கள்.