குளிர் ஊரில் பாண் புளிமாவைப் பேணுவது

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே, பாணைப் பொங்கவைக்கும் புளித்த மாக் கலவையான புளிமா, புது மாவும் தண்ணீரும் ஊட்டிய 4 முதல் 6 மணிநேரத்தில் பொங்கும் என்று காத்திருக்க வேண்டாம். 12 மணிநேரம் கூட எடுக்கும். அது செத்துப்போகவில்லை, குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

ஊட்டுவதற்கு 25 கிராம் பழைய புளிமா, 25 கிராம் கோதுமை மா, 25 கிராம் தண்ணீர் போதும். தராசில் நிறுங்கள், கோப்பைக் கணக்கு சரிவராது. குழாய்த் தண்ணீரோ பீலித் தண்ணீரோ, கொதிக்க வைத்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். எவ்வளவு பொங்கியது என்று தெரிய, போத்தலில் மட்டத்துக்கு ஓர் இறப்பர் பட்டி போட்டு, மூடியை இறுக்காமல் வையுங்கள். அதை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலும் வைத்தால் நேரம் நன்றாகக் குறையும். ஒட்டி வைக்காதீர்கள், 40 பாகைக்கு மேல் போனால் ஈஸ்ட் கெடும்.

வாரம் ஒருமுறைதான் பாண் சுடுவீர்களா? ஊட்டி, சற்றே பொங்கத் தொடங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு ஊட்டல் போதும். சுடுவதற்கு முன் வெளியே எடுத்து இரண்டு தடவை ஊட்டுங்கள்.

மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் அது பசி, வடித்துவிட்டு ஊட்டுங்கள். இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் கோடு அல்லது பூஞ்சணம் கண்டால் சுரண்டிப் பார்க்காதீர்கள், முழுவதையும் கொட்டுங்கள். ஈர மாதங்களில் போத்தலின் வாயில் காயும் மாவில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். ஒவ்வொரு ஊட்டலுக்கும் கழுவிய போத்தலுக்கு மாற்றுங்கள்.

மிஞ்சும் நல்ல புளிமாவை ரொட்டி மாவோடு பிசையலாம்.