மறுபடியும் அதே கதை: பிடித்த படப்புத்தகத்தை வைத்தே குழந்தையை வாசிக்கப் பழக்குவது எப்படி

“அலமாரி நிறைய புத்தகம் இருக்கு. ஆனா தினமும் அதே ஒண்ணைத்தான் தூக்கிட்டு வர்றா.” நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் வேலை பார்க்கும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி சொல்லும் குறை இது. அவர்கள் சலிப்போடு சொல்வார்கள். எனக்கோ கேட்டதும் சந்தோஷமாக இருக்கும். ஒரு கதையைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்ட குழந்தை, வாசிக்கக் கற்பதில் பாதி தூரம் வந்துவிட்டது. மீதித் தூரத்தையும் அதே புத்தகத்தைக் கொண்டே எப்படிக் கடக்க வைப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்துச் சொல்பவை இவை.

முதலில், திரும்பத் திரும்பக் கேட்பதைத் தடுக்காதீர்கள். 2011இல் ஜெசிகா ஹார்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரே கதையைத் திரும்ப வாசித்தார்கள், வேறு சிலருக்கு வெவ்வேறு கதைகளை வாசித்தார்கள். இரு தரப்புக்கும் புதுச்சொற்கள் காதில் விழுந்த தடவைகள் சமம். ஆனாலும் ஒரே கதையைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தச் சொற்கள் நன்றாகப் பதிந்தன. யோசித்தால் காரணம் புரிகிறது. முதல் முறை கேட்கும்போது யார் வருகிறார்கள், என்ன ஆகப்போகிறது என்பதிலேயே குழந்தையின் கவனம் முழுக்கப் போய்விடும். அடுத்த முறை அந்தப் பதற்றம் இல்லை. சொற்களைக் கவனிக்க மனதில் இடம் இருக்கிறது.

என் அண்ணன் மகளுக்குக் குடையைத் தொலைத்த யானையின் கதை ஒன்று அப்படி வாய்த்தது. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடும் முன்பே “அத்தை, மறுபடியும்!” என்பாள். குடை கிடைக்கும் பக்கத்தைவிட, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஊர்ந்து போகும் ஒரு நத்தைதான் அவளுக்கு முக்கியம். நத்தையைப் பற்றிக் கதையில் ஒரு வரி கூட இல்லை. ஓவியர் தன் விருப்பத்துக்கு வரைந்து வைத்தது. அவளாகக் கண்டுபிடித்தது அது என்பதால்தான் அந்தப் புத்தகம் அவளுடையதானது.

எப்படிப்பட்ட புத்தகம் தாங்கும்

எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால் பல தடவை வாசித்தாலும் தாங்கக்கூடிய புத்தகத்தை அடையாளம் காண முடியும். வாங்கும் முன், அல்லது நூலகத்தில் எடுக்கும் முன், வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். இரண்டாம் முறையே நாக்கு சலித்தால் வைத்துவிடுங்கள். வாசிக்கப் போவது நீங்கள்தான். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். “இங்கே இல்லை, அங்கே இல்லை, எங்கே போச்சு என் குடை?” என்பது போல ஒன்று இருந்தால் பின்னால் அது மிகவும் உதவும்.

அதைவிட முக்கியம், படம் என்ன செய்கிறது என்பது. “முயல் சிவப்புப் பந்தை எடுத்தது” என்று வரி இருந்து, படத்திலும் முயல் சிவப்புப் பந்தை எடுத்துக்கொண்டிருந்தால், குழந்தை கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பாட் ஹட்சின்ஸ் 1968இல் எழுதி வரைந்த ‘ரோஸீஸ் வாக்’ புத்தகத்தை நான் இதற்கு எப்போதும் உதாரணமாகச் சொல்வேன். மொத்தக் கதையும் 32 சொற்கள். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறது, அவ்வளவே. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு நரி அதைத் துரத்தி, ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொண்டு விழுகிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. பெரியவர் வரியை வாசித்துக்கொண்டிருக்க, குழந்தை நரியைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாசிப்பவருக்குத் தெரியாத ஏதோ தனக்குத் தெரியும் என்ற பெருமை அந்தக் குழந்தையின் முகத்தில் வரும். அந்தப் பெருமைக்காகவே மறுபடி கேட்கும்.

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு தாளில் 16 பக்கம் அச்சிட்டு மடிக்கும் முறையால் வந்த கணக்கு அது. இவ்வளவு குறைந்த இடத்தில் கதை சொல்வதால், நல்ல எழுத்தாளர் பக்கம் திருப்பும் இடத்தைத் திட்டமிட்டு வைப்பார். “கதவைத் திறந்தால்...” என்று ஒரு பக்கம் முடியும்; பதில் அடுத்த பக்கத்தில் இருக்கும். கடையிலோ நூலகத்திலோ புரட்டும்போது, பக்கம் திருப்பத் தோன்றுகிறதா என்று உங்கள் கையையே கேளுங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி ஒன்றை அச்சிட்டு முடிக்கும் புத்தகங்களை நான் சிபாரிசு செய்வதில்லை. குழந்தைகள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டு முதல் பக்கத்துக்குப் போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

முதல் சில வாசிப்புகள்

அட்டையைச் சற்று நேரம் பார்க்க விடுங்கள். பிறகு வாசியுங்கள். கேள்வி வேண்டாம், விரலால் எழுத்தைக் காட்டவும் வேண்டாம். பக்கம் திருப்பியதும் உடனே வாசிக்கத் தொடங்காமல் படத்தைக் கண்கள் ஒரு சுற்று சுற்றி வரும்வரை காத்திருங்கள். இந்தச் சில நொடி அமைதிதான் பெரியவர்களுக்கு மிகவும் கடினம்.

சொல்லே இல்லாத பக்கங்களிலும் அப்படித்தான். மாரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ (1963) புத்தகத்தில் கதை முன்னேற முன்னேறப் படங்கள் பெரிதாகிக்கொண்டே போகும். உச்சக்கட்டத்தில் இரண்டு பக்கத்தையும் முழுக்க நிறைக்கும் மூன்று படங்கள், ஒரு சொல்லும் இல்லாமல் வரும். நிறையப் பேர் அங்கே பயந்து போய் “இதோ பார், ஆடுறாங்க, குதிக்கிறாங்க” என்று இட்டு நிரப்புகிறார்கள். வேண்டாம். அந்தப் பக்கங்கள் குழந்தைக்கு விட்டுவைக்கப்பட்டவை. சத்தம் போட வேண்டும் என்றால் குழந்தை போடட்டும்.

தமிழில் வாசிப்பவர்களுக்கு ஒரு தனிக் கேள்வி எழும். அச்சில் “யானை நடந்துகொண்டிருந்தது” என்று இருக்கும். வீட்டில் நாம் “நடந்துட்டு இருந்துச்சு” என்போம். எப்படி வாசிப்பது? முதல் ஒன்றிரண்டு தடவை பேச்சு மொழியில் சொல்லிக் காட்டுவதில் தவறில்லை. கதை பிடித்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அச்சில் இருப்பதை அப்படியே வாசியுங்கள், ஒரு எழுத்தும் மாறாமல். எழுத்துத் தமிழின் ஓசை குழந்தையின் காதில் தங்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் “கொண்டிருந்தது” என்ற நீளமான சொல்லைக் கண்ணால் சந்திக்கும்போது, காது அதை ஏற்கனவே அறிந்திருக்கும்.

கதை பழகிய பிறகு

இப்போது திரும்ப வரும் வரியில் நிறுத்துங்கள். “இங்கே இல்லை, அங்கே இல்லை, எங்கே போச்சு...” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். மீதியைக் குழந்தை முடிக்கும். கேள்விகளையும் இந்தக் கட்டத்தில்தான் கொண்டுவர வேண்டும். குழந்தையைப் பேச வைத்து, அது சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்லி வாசிக்கும் முறையை க்ரோவர் வொயிட்ஹர்ஸ்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் சோதித்துக் காட்டினார்கள். அப்படிக் கேட்ட குழந்தைகளின் பேச்சு வளர்ந்தது. ஆனால் கேள்வி என்றால் “இது என்ன நிறம்?” போன்றது போதாது. “யானை ஏன் இப்படிப் பார்க்குது?” என்று கேளுங்கள். “கோவம்” என்றால், “ஆமா, குடையைக் காணோம்னு கோவமா இருக்கு” என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வாசிப்பில் இரண்டு மூன்று கேள்விகளுக்கு மேல் போனால் கதை கேட்கும் நேரம் தேர்வு நேரம் ஆகிவிடும். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு வெறுமனே வாசியுங்கள்.

பிறகு ஒரு நாள், புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பக்கம் திருப்பித் திருப்பி, குழந்தை தானே “வாசிக்கும்”. எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் முழுக் கதையும் வரும். “இது வாசிப்பு இல்லை, மனப்பாடம்” என்று சொல்லிவிடாதீர்கள். நான் மன்றாடிக் கேட்டுக்கொள்ளும் ஒரே இடம் இதுதான். எலிசபெத் சல்ஸ்பி 1985இல் வெளியிட்ட ஆய்வு, சிறு குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த கதைப்புத்தகங்களை எப்படி ‘வாசிக்கிறார்கள்’ என்பதைப் பற்றியதே. முதலில் படத்தைக் காட்டி ஏதோ சொல்வார்கள். பிறகு பேச்சு மொழியில் கதையாகச் சொல்வார்கள். பிறகு குரலும் நடையும் மாறி, புத்தக மொழியில் வரும். கடைசியில் எழுத்தின் மேல் கவனம் விழும். உங்கள் குழந்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒட்டுக்கேட்டே தெரிந்துகொள்ளலாம். “இருந்துச்சு” போய் “இருந்தது” வந்தால் பெரிய முன்னேற்றம்.

எழுத்தின் மேல் கவனம் தானாக விழுந்துவிடாது. மேரி ஆன் எவன்ஸ், ஜான் செயின்ட்-ஓபின் இருவரும் 2005இல், கதை கேட்கும் குழந்தைகளின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். குழந்தைகள் எழுத்தைப் பார்த்ததே அபூர்வம். கண்கள் படத்திலேயே இருந்தன. ஆகவே விரலைப் பயன்படுத்தும் நேரம் இப்போது வருகிறது. எல்லாப் பக்கத்திலும் வேண்டாம். அந்தத் திரும்ப வரும் வரி உள்ள பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை வைத்து மெதுவாக வாசியுங்கள். அடுத்த நாள் குழந்தையின் விரல். வாய் வரியை முடித்துவிடும், விரல் பாதியில் நிற்கும். அல்லது விரல் ஓடிவிடும், வாய் பின்தங்கும். திருத்த வேண்டாம். “அய்யோ, மிச்சம் இருக்கே” என்று குழந்தையே திரும்பப் போய்த் தொடங்கும் நாள் வரும். ஒவ்வொரு சொல்லும் அச்சில் தனியாக இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்துவிட்டது.

எழுத்துகளைக் கற்கும் குழந்தையாக இருந்தால், தன் பெயரில் உள்ள எழுத்துகளை அந்தப் பக்கத்தில் தேடச் சொல்லுங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் எழுத்துகளில் பொறுமை தேவை. ‘கெ’, ‘கே’, ‘கொ’ ஆகியவற்றில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலியில் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படிக்க இப்போதுதான் பழகிய குழந்தைக்கு இது குழப்பம் தரும்.

தானே வாசிக்கும் முதல் கதை

தொடக்க வாசகர்களுக்கென்று ஆங்கிலத்தில் தனியாகக் கதைப்புத்தகங்கள் பெருகியது 1950களில். பள்ளி வாசிப்புப் புத்தகங்கள் சலிப்பூட்டுகின்றன என்று எழுத்தாளர் ஜான் ஹெர்ஸி 1954இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழில் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு தூண்டுதல். 1957இல் குழந்தைகளுக்கான எழுத்தாளர் டாக்டர் சூஸின் ‘தி கேட் இன் தி ஹேட்’ வந்தது. வெவ்வேறு சொற்கள் என்று எண்ணினால் 236 மட்டுமே. 1960இல் அவரே 50 சொற்களில் இன்னொரு கதை எழுதினார்.

இந்தச் சொற்கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ஓடிக்கொண்டிருந்தன’ நமக்கு ஒரே சொல். அதனால் சொல்லின் நீளத்தைப் பாருங்கள். இரண்டு, மூன்று, நான்கு எழுத்துச் சொற்கள் அதிகம் இருக்க வேண்டும். அடுத்து, வரியின் வலது ஓரத்தைப் பாருங்கள். தமிழ் அச்சில் இடம் போதாவிட்டால் சொல்லைப் பாதியில் உடைத்து அடுத்த வரியில் தொடர்வது வழக்கம், கோடு கூடப் போடுவதில்லை. பெரியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வரி முடிவில் ‘யா’, அடுத்த வரியில் ‘னை’ என்று வந்தால் புதிதாக வாசிக்கும் குழந்தை அப்படியே நின்றுவிடும். அப்படிச் சொல் உடையும் புத்தகத்தை, எவ்வளவு நல்ல கதையானாலும், இன்னும் சில மாதம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு இடையில் இடைவெளியோடு, ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரிகளாக இருந்தால் போதும்.

ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் குழந்தை என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். தடுக்கினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் காத்திருங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. நான் எழுத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுவேன், சரியா என்று சோதிக்கப் படத்தைப் பார்க்கச் சொல்லுவேன். இந்த வரிசை மாறினால் குழந்தை எழுத்தைவிட்டுவிட்டுப் படத்தையே நம்பத் தொடங்கும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் தடுக்கினால் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஒன்றும் சொல்லாமல் நீங்கள் வாங்கி வாசித்து முடியுங்கள்.

தானாக வாசிக்கத் தொடங்கியதும் படப்புத்தகங்களை மூட்டை கட்டி விடாதீர்கள். குழந்தையால் வாசிக்க முடிகிற கதையைவிட அதற்குக் கேட்டுப் புரிகிற கதை நெடுங்காலம் பெரிதாகவே இருக்கும். தொடக்க வாசிப்புக் கதை சிறிய சொற்களுக்குக் கட்டுப்பட்டது. பெரியவர் வாசிக்கும் படப்புத்தகத்துக்கு அந்தக் கட்டு கிடையாது. இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம்.

பிடித்த புத்தகத்தில் கிழிசல் விழுந்தால் உடனே ஒட்டுங்கள், குழந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சாதாரண செல்லோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். புத்தகம் பழுதுபார்க்கும் மெல்லிய டேப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரு நாள் அந்தப் புத்தகத்தைக் குழந்தை கேட்காமலே போகும். வற்புறுத்த வேண்டாம். குழந்தையின் கைக்கு எட்டும் தட்டில், அட்டை முன்பக்கம் தெரியும்படி நிறுத்தி வையுங்கள். பக்கத்திலேயே, அதே ஓவியர் வரைந்த வேறொரு புத்தகத்தையும் வையுங்கள்.